ஆற்று மணலில் காவி வாத்து

மார்கழி 9, செவ்வாய்

விடிந்தும் பனி விலகவில்லை. எதிர்க்கடைப் பலகை கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்டுடியோவின் கண்ணாடிக் கூரையைத் துடைத்து வைத்தேன். துடைத்து என்ன, கீழே உட்கார ஆள் வேண்டுமே.

வந்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. மொரப்பூர்ப் பக்கத்துக் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா இல்லீங்களா?"

"உடம்புக்கு முடியலைங்க. உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்."

"நீங்களா?" அந்த ஆள் பெண்டாட்டியைப் பார்த்தான். "பொறவு வர்றோங்க."

ஆடியிலிருந்து இதே பல்லவி. அரூரில் வேறு ஸ்டுடியோவும் கிடையாது. படமே இல்லாமல் இருந்தாலும் இருப்பார்கள், பொம்பளை கையால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த நோட்டையும் ஆடிக்குப் பிறகு இன்றுதான் தொடுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த அன்று மூடி வைத்தது. வலக்கை போய்விட்டது. வலக்கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சில் நாலைந்து சொற்கள் மட்டும் மீண்டன. தண்ணி, போ, வேணாம்.

ஞாயிற்றுக்கிழமை புதிதாய் ஒன்று சேர்ந்தது. சேலத்திலிருந்து அவர் தம்பி தங்கவேலு வந்திருந்தார். "அண்ணி, எங்கூர்ல ஒரு ஸ்டுடியோக்காரரு இந்தக் கேமராவக் கேட்டுக்கிட்டே இருக்காரு. பொங்கல் கழிச்சு வந்து எடுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் நம்ம வூட்டுக்கே வந்துருங்க. தனியா இங்க எதுக்குக் கஷ்டம்?"

தங்கமான மனிதர். அதுதான் தொந்தரவு, சண்டைகூடப் போட முடியாது. அண்ணனிடமும் கேட்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வித்துடு" என்றார். இத்தனை மாதமாய் வராத சொல், அது மட்டும் எப்படித்தான் வந்ததோ.

இந்த ஸ்டுடியோவில் படம் விழும் கண்ணாடிப் பிளேட்டைக் கேமராவில் மாட்டுவது நான். இருட்டறையில் கழுவுவது நான். நெகடிவில் பென்சில் பிடித்து அம்மைத் தழும்பை அழிப்பது, ஒன்றரைக் கண்ணை நேராக்குவது, எல்லாம் நான். பந்து மட்டும் என் கைக்கு வந்ததில்லை. ரப்பர் பந்து, அதை அமுக்கினால்தான் ஷட்டர் திறக்கும். அமுக்குகிறவர் போட்டோகிராபர். மற்றவர்கள் எல்லாரும் வீட்டு ஆட்கள்.

முன்னறையில் முருகன் படத்துக்கும் ஒரு கல்யாண ஜோடிக்கும் நடுவில் ஓர் ஆணி வெறுமனே நிற்கிறது. காவி வாத்துக்காக அவர் அடித்தது. தீர்த்தமலைக்கு அப்பால் தென்பெண்ணையில், மார்கழியில் வந்து மாசியில் போய்விடும் ஒரு ஜோடி. உடம்பு முழுக்கக் காவி, தலை மட்டும் வெளுப்பு. மூன்று பனிக்காலம் அலைந்தார். ஒரு வருஷம் கால் மட்டும் விழுந்தது. ஒரு வருஷம் புகைமூட்டமாய் ஏதோ. போன வருஷம் ஆறு மட்டும் நன்றாக விழுந்தது.

முடிவு செய்துவிட்டேன். அந்த வாத்தை நான் எடுப்பேன். எடுத்து, அண்ணன் தம்பி இரண்டு பேர் முன்னாலும் வைப்பேன். பிறகு சொல்லட்டும், கேமராவை விற்பதா வைப்பதா என்று. எடுக்க முடியாவிட்டால் வாயைத் திறக்காமல் சேலம் போய் அவர்கள் வீட்டில் காய் நறுக்குகிறேன்.

பாக்கி இருக்கும் பிளேட் ஒரு கை விரலுக்குள்தான். ஜெர்மன்காரன் சண்டை தொடங்கியதிலிருந்து மெட்ராஸில் கேட்டால் இல்லை என்ற பதில்கூட வருவதில்லை.

மண்ணெண்ணெய். ராகி அரைக்கக் கொடுக்கணும். கறுப்புத் துணியில் ஓட்டை, தைக்கணும்.

மார்கழி 12, வெள்ளி

குளிர். கேமராவைப் போர்வையில் சுற்றிக் கூடைக்குள் வைத்து, சும்மாடு கட்டித் தலையில் தூக்கிப் பார்த்தேன். கழுத்து உள்ளே இறங்கிவிட்டது போல் இருந்தது. முக்காலிக் கட்டை கையில். அவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ராஜம்மாவை வரச் சொல்லிவிட்டு, கடைக்குப் போவதாய்ச் சொல்லிக் கிளம்பினேன்.

கரி பஸ், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுவது. ஏற்றத்தில் மூச்சு நின்றுவிட்டது. பின்னால் அடுப்பில் கரி கொட்டி, விசிறி சுற்றிக் கிளப்புவதற்குள் வெயில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்:

"கூடையில என்னாங்க, கோழியா?"

"கேமராங்க."

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "வெடிக்காதுங்களே?"

ஆறு மெலிந்து ஒரு ஓரமாய் ஓடுகிறது. மீதியெல்லாம் மணல். நீர்க்காகம் பாறையில் இறக்கையை விரித்துக் காய்கிறது. கொக்கு, மீன்கொத்தி, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் ஒரு சின்னக் குருவி. தூரத்தில், அக்கரை ஓரம், அந்த ஜோடி. இவர் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான், கண்ணால் பார்ப்பது இன்றுதான். வெயில் பட்டதும் ஆரத்தித் தட்டில் குங்குமம் கரைத்த மாதிரி ஒரு நிறம். நின்றுவிட்டேன்.

ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்குமேல் வந்து கத்தோ கத்தென்று கத்தியது. ஊர்ப் பஞ்சாயத்தையே கூட்டிவிட்டது. எல்லாம் பறந்தன, வாத்தும் பறந்தது. படம் இல்லை.

கரையில் துணி வெளுக்கும் ஒருத்தி, என்னைப் போலவே நடு வயது. பெயர் குப்பம்மா. புருஷனும் அவளும் நாள் தவறாமல் இங்கேதான். இரண்டு கழுதை.

"யாருங்க அது, கூடையோட ஆத்துல எறங்கறது?"

"வாத்தப் படம் புடிக்க வந்தேன்."

"எந்த வாத்த? சாமியாருங்களையா?" காவி உடம்பு என்பதால் அவள் வைத்த பெயர்.

"சாமியாருன்னா ஜோடி எதுக்கு?" என்றேன்.

"அட, அதத்தான் நானும் கேக்கறேன். காவி கட்டுனவன் எவன் ஒத்தையா இருக்கறான், சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். ஆடிக்குப் பிறகு முதல் சிரிப்பு இதுதான் என்று பஸ் ஏறியபின் தோன்றியது.

மார்கழி 14, ஞாயிறு

பனி சீக்கிரம் கலைந்தது. இம்முறை ஆள்காட்டி இருக்கும் பக்கத்தை விட்டுச் சுற்றிக்கொண்டு போய், கோரைப் புதருக்குப் பின்னால் மண்டியிட்டேன். பாதி உடம்பு ஈரம்.

ஜோடி கறுப்புப் பாறைமேல் ஏறி நின்றது. நனைந்த பாறை, காலை வெயில், அதன்மேல் தங்கம் மாதிரி இரண்டு. கேமராக் கண்ணாடியில் தலைகீழாய்ப் பார்த்தாலும் அத்தனை அழகு. பந்தை அமுக்கினேன். ஷட்டர் 'டக்' என்றது, பறந்தன. பறந்தால் என்ன, விழுந்தாயிற்று.

திரும்பும்போது கூடை கனக்கவே இல்லை. பஸ்ஸில் ஒரு கிழவர், "என்னாம்மா, பொதையலு கெடச்சுதா?" என்று கேட்டார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தேனாம்.

மார்கழி 15, திங்கள்

இருட்டறை. சிவப்பு விளக்கு. பிளேட்டை டெவலப்பர் மருந்தில் இறக்கி ஆட்டினேன். ஆறு வந்தது. அக்கரை மரம் வந்தது. பாறை வந்தது. வாத்தைக் காணோம்.

படம் அழியாமலிருக்க ஹைப்போவில் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பாறையில் சின்னதாய் இரண்டு புள்ளி. இரண்டு வாத்தின் வெளுத்த தலை. பார்த்தால் காக்காய் எச்சம் என்பார்கள். உடம்பு பாறையோடு பாறையாய்ப் போய்விட்டது.

பிறகுதான் உறைத்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பிளேட்டுக்கு நம் கண் கிடையாது. நீலம் இதில் வெள்ளையாகும். சிவப்பும் காவியும் கறுப்பாகும். குங்குமப் பொட்டு மைப்பொட்டு மாதிரி விழும். முன்பு ஒரு புதுப்பெண் நீலப் பட்டு கட்டி வந்து, படத்தில் வெள்ளைப் புடவையோடு நின்றாள். மாமியார்க்காரி ஸ்டுடியோ வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். அன்று முதல் புடவை நிறம் பார்க்காமல் யாரையும் நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. "இது வேணாம், மாத்திட்டு வாங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புகிறவள் நான். காவி வாத்து கறுப்புப் பாறைமேல் நின்றால் பல்லைக் காட்டிக்கொண்டு பந்தை அமுக்குகிறேன்.

மத்தியானம் பென்சிலைச் சீவினேன். நெகடிவைச் சாய்மேசையில் வைத்தேன். கழுத்து, முதுகு, வால். என் கைக்கு இது ஒரு வேலையே இல்லை. எத்தனை பேருக்கு மூக்கு வைத்திருக்கிறேன், இரண்டு வாத்துக்கு உடம்பு வைக்க முடியாதா? தங்கவேலு கண்டுபிடிக்க மாட்டார். என் வீட்டுக்காரர் கண்டுபிடிப்பார். அவர் கண்டுபிடிக்காவிட்டாலும் எனக்குத் தெரியும். பென்சிலை டப்பாவில் போட்டு மூடினேன்.

இனி பாறை கூடாது. வெள்ளை மணலில் நிற்கவேண்டும். மணலில் நின்றால் கறுப்பாய், முழுசாய், இறகு இறகாய் விழும்.

இரவுக்குக் களி, கீரை. அவர் பாதிதான் சாப்பிட்டார்.

மார்கழி 19, வெள்ளி

பல் கிட்டும் குளிர். இரண்டு பிளேட் போயிற்று.

முதல் பிளேட்: ஜோடி மணலுக்கு வந்தது. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் திடீரென்று ஏதோ பெரிதாய், தலைகீழாய், மறைத்துக்கொண்டு வந்தது. பதறிப் பந்தை அமுக்கிவிட்டேன். குப்பம்மாவின் கழுதை. துணியை மேய வந்திருக்கிறது.

இரண்டாவது: நன்றாய்த்தான் நின்றன. ஷட்டர் டக் என்று திறக்கும்போதே அவை எழும்பிவிட்டன. அத்தனை கூர்மையான காது. என் கேமராவின் சத்தம் அந்த மணல்வெளியில் எனக்கே துப்பாக்கி மாதிரிதான் கேட்டது. இவருக்கு மூன்று வருஷமும் நடந்தது இதுதான் என்று இப்போது புரிகிறது.

குப்பம்மாவுக்கு ஒரே கவலை. "எங்க கழுத நல்லா வுழுந்துச்சுங்களா?"

"அது மட்டுந்தான் வுழுந்துருக்கும்."

"மூஞ்சி தெரிஞ்சுதா?"

"கண்ணாடியில பின்னாடிதான் தெரிஞ்சுது."

"பரவால்லீங்க, அதுவே அதுக்கு மூஞ்சிய வுட லட்சணம்."

வரும் வழியில் ஊரில் ராஜம்மாவின் மாமியார் யாரிடமோ: "புருஷன் படுத்துக் கெடக்கறான், இவ கூடையத் தூக்கிக்கிட்டு ஆத்துக்குப் போறா." காதில் விழட்டும் என்றே சொன்னது. விழுந்தது.

மார்கழி 22, திங்கள்

போகவில்லை. அவருக்கு முகம் மழித்துவிட்டேன். கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லிக் கை காட்டினார். வழக்கம்போல் திருப்பி வைத்தேன். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து கண்ணாடி பார்ப்பதில்லை. யாராவது வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறார், அல்லது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஊரார் மோவாயை எல்லாம் ஒரு விரலால் தொட்டுச் சரிசெய்து உட்கார வைத்தவர்.

கூடைத் துணியை உதறும்போது மணல் கொட்டியது. பார்த்துவிட்டார்.

"எங்க?"

கடைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆத்துக்கு. உங்க வாத்தப் புடிக்க. கேமராவ நான் விக்க வுட மாட்டேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன்.

என்னையே பார்த்தார். பிறகு, "வேணாம். போ."

இரண்டும் அவருக்கு எளிதாக வரும் சொற்கள். வேறு ஏதோ சொல்ல நினைத்து இது வந்ததோ என்னவோ. இருந்தாலும் கோபம் கோபம்தான். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். அவர் நன்றாய் இருந்தபோதே எனக்கு ஒருநாள் அந்தப் பந்தைக் கொடுத்திருக்கலாம். இது ஆடிக்கு முன்னாலேயே இருந்த கோபம். எழுதிவிட்டேன்.

மார்கழி 26, வெள்ளி

கேமரா எடுத்துப் போகவில்லை. வெறும் கையோடு போய்க் கரையில் உட்கார்ந்தேன். பிளேட் இரண்டுதான் பாக்கி, அவசரப்பட்டுப் பயன் இல்லை.

பார்த்தது: வாத்து நான் வந்தால் எழும்புகிறது. மீன் பிடிக்கிறவன் வந்தால் எழும்புகிறது. குப்பம்மா வந்தால் எழும்புவதில்லை. அவள் கொடி கட்டி வேட்டி காயப்போடும் இடத்துக்கு வெகு பக்கத்திலேயே மேய்கிறது. வேட்டி காற்றில் படபடக்கிறது, கண்டுகொள்வதே இல்லை. கல்லில் துணியை அடிக்கிற சத்தம் என் ஷட்டரைவிடப் பத்து மடங்கு. அதற்கும் அசைவதில்லை. அவள் அடிக்கும்போது தலையைக்கூடத் தூக்கவில்லை.

அப்படியானால் வேட்டிக்கு நடுவில் நான் இருக்கவேண்டும். அவள் அடிக்கும் அந்த நொடியில் பந்தை அமுக்கவேண்டும்.

சொன்னேன். குப்பம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எல்லாம் ஊரு வேட்டிங்க. மண்ணு பட்டா என்னயத்தான் ஏசுவாங்க."

"கால் கழுவிட்டு உக்காந்துக்கறேன். ஒரு வேட்டியத் தொட மாட்டேன்."

"இப்ப வேணாம், துணி கம்மி. பொங்கலு போவட்டும். மலையாட்டம் அழுக்கு வரும் பாருங்க, ஆறே தெரியாத அளவுக்குக் காயப்போடலாம். அதுக்குள்ள பூந்துக்கங்க." பிறகு புருஷனைப் பார்த்து, "அன்னிக்கி கழுதயப் புடிச்சிக்கறது ஒன் வேல" என்றாள்.

மார்கழி 29, திங்கள்

போகி. தெருவெல்லாம் பழம்பாய்ப் புகை. மேகமூட்டம், தூறல். தூறல் நின்றால் போதும். காவியும் செம்மண்ணும் வாங்கி வந்து வாசலுக்குப் பட்டை அடித்தேன். காவிக் கையைப் பார்த்ததும் வாத்து ஞாபகம்.

தை 1, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. பொங்கல் வைத்தேன். அவர் இடக்கையால் சூரியனைக் கும்பிட்டார். ராஜம்மா வீட்டுக்கு ஒரு கிண்ணம், அவள் மாமியாருக்கும் சேர்த்து.



தை 4, வெள்ளி

எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கழுவிப் பார்க்காமல் எழுதக்கூடாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

மணல் முழுக்க வேட்டி, புடவை, ஜமுக்காளம். ஊரே உரித்துப் போட்ட மாதிரி. குப்பம்மா நீளக் கொடியில் நெருக்கமாய் வேட்டிகளைத் தொங்கவிட்டு, நடுவில் எனக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தாள். கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். உள்ளே பார்த்தால் நம் ஸ்டுடியோ. நாலு பக்கமும் வெள்ளை, மேலே வானம், நிழலே இல்லாத வெளிச்சம். பயம் பாதி போய்விட்டது. இரண்டு வேட்டிக்கு நடுவில் லென்ஸ் மட்டும் வெளியே.

வெகுநேரம் ஒன்றுமில்லை. ஈரத்துணி முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கால் மரத்தது. அசைந்தால் கொடி அசையும், அதனால் அசையவில்லை. வெளியே குப்பம்மா மூச்சை இழுத்து அடிக்கிற சத்தம். இழுப்பு, அடி. இழுப்பு, அடி. கேட்டுக் கேட்டு என் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

பிறகு வந்தன. நடந்தே வந்தன. முதலில் ஒன்று, பின்னால் மற்றது. ஈரம் காய்ந்த வெள்ளை மணல். முன்னது நின்று கழுத்தைத் தூக்கியது. மற்றது குனிந்து எதையோ கொத்தியது. வேண்டாம், நீயும் நில், மோவாயைத் தூக்கு என்று மனசுக்குள் அதட்டினேன். தூக்கியது.

குப்பம்மா மூச்சை இழுத்தாள். அவள் அடித்தாள், நான் அமுக்கினேன்.

வாத்து இரண்டும் அங்கேயே நின்றன. என்னைத் தெரியவே இல்லை. பிறகும் வெகுநேரம் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பிளேட் பாக்கி இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

வேட்டியில் ஒரு பொட்டு மண் கிடையாது. குப்பம்மா ஒவ்வொன்றாய்ச் சோதித்துத்தான் விட்டாள்.

தை 5, சனி

நாளை தங்கவேலு வருகிறார்.

டெவலப்பர் பழசு, கொஞ்சம்தான் இருந்தது. வேண்டிக்கொண்டே ஊற்றினேன். மணல் முதலில் கறுத்தது. நெகடிவில் மணல் கறுத்தால் படத்தில் வெள்ளை. அந்தக் கறுப்புக்கு நடுவில் இரண்டு இடம் மட்டும் கறுக்காமல் நின்றது. நீளக் கழுத்து, உருண்ட முதுகு, மெல்லிசுக் கால். ஒன்று, இன்னொன்று.

இருட்டறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கழுவி, காயவைத்து, வெயிலில் ஒரு பிரிண்டு போட்டேன். இடது ஓரத்தில் வேட்டி முனை ஒன்று காற்றில் வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. வெட்டிவிடலாம். வெட்டவில்லை. பென்சிலும் எடுக்கவில்லை.

தங்கவேலுவுக்கு இட்லிக்கு ஊறப்போடணும். உளுந்து போதாது.

தை 6, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. தங்கவேலு காலை பஸ்ஸில் வந்தார். கேமராவைக் கட்டக் கயிறு, வைக்கோல், சாக்கு எல்லாம் கையோடு. இட்லி போட்டேன். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"அட. அண்ணன் எடுத்ததுங்களா? எப்ப?"

"நான் எடுத்தேன். வெள்ளிக்கெழமை."

தங்கவேலு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் இவர் இடக்கையை நீட்டினார். கொடுத்தேன்.

ஜன்னல் ஓரம் கொண்டு போனார். படத்தைத் தலைகீழாய்த் திருப்பினார். தங்கவேலு எழுந்து, "அண்ணே, அப்பிடி இல்ல" என்று நேராக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கேமராக் கண்ணாடியில் ஆயுசு முழுக்கத் தலைகீழாய்ப் பார்த்துப் பழகின கண். தான் எடுத்ததில் நன்றாய் வந்ததாய்த் தோன்றும் படத்தை மட்டும்தான் அவர் அப்படிப் பார்ப்பார். மற்றவர்கள் எடுத்ததை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

விரல் ஓரத்துக்குப் போனது. "துணி."

"ஆமாங்க. அந்தத் துணி இல்லேன்னா வாத்து இல்ல."

தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

தங்கவேலு தொண்டையைச் செருமினார். "படம் நல்லாத்தான் இருக்குது அண்ணி, நான் இல்லேங்கலை. ஆனா வாத்தா வந்து நம்ம ஸ்டுடியோவுல உக்காரப்போவுது?"

"வாத்தே நின்னுச்சு, ஆளு உக்காராதுங்களா?"

"சரி, அண்ணன் சொல்லட்டும். என்னாண்ணே, பெட்டியக் கட்டட்டுமா?"

"வேணாம்."

"விக்க வேணாங்கறீங்களா, நான் இப்பக் கட்ட வேணாங்கறீங்களா?"

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறையைத் தாண்டி, கண்ணாடிக் கூரை அறைக்குள் போனார். ஆடிக்குப் பிறகு அவர் அங்கே போவது இதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்கார்ந்தார். வலக்கையை இடக்கையால் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். முகத்தைக் கேமராவுக்கு நேராகத் திருப்பினார். கோணின வாய் என் பக்கமே இருந்தது.

"எடு."

இந்தச் சொல்லை இதுவரை அவர் வாயில் கேட்டதில்லை. நோய்க்கு முன்னாலும் கேட்டதில்லை.

கடைசிப் பிளேட்டை மாட்டினேன். நிழல் ஒருபக்கம் அதிகம். வெளிச்சம் அந்தப் பக்கமும் பட, வெள்ளைத் துணியைத் தங்கவேலு கையில் கொடுத்து, "இதப் புடிச்சிட்டு நில்லுங்க. இன்னும் கொஞ்சம் மேல. ஆடாதீங்க" என்றேன். கேமராவைக் கட்டவந்த மனிதர், இரண்டு கையையும் உயர்த்தித் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சுகூட விடவில்லை, பாவம்.

துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வெளியே வந்தேன். அவர் பக்கத்தில் போய், ஒரு விரலால் மோவாயைத் தொட்டுக் கொஞ்சம் கீழே இறக்கினேன். இறக்கினார். பந்தை அமுக்கினேன்.

எழுந்து வரும்போது என் சாய்மேசை அருகே நின்றார். பென்சில் டப்பாவைக் காட்டினார்.

"வேணாம்."

"சரிங்க. தொட மாட்டேன்."

தங்கவேலு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார். கயிறும் சாக்கும் திண்டாட்டமாய்க் கையில். "சேலத்துக்காரருகிட்ட நான் என்னான்னு சொல்லட்டும் அண்ணி?"

"கேமரா வேலையில இருக்குதுன்னு சொல்லுங்க. அவருகிட்டப் பிளேட் இருந்தா ஒரு பெட்டி வாங்கி அனுப்புங்க."

தை 9, புதன்

ஆணியில் வாத்து மாட்டியாயிற்று. இவர் படத்துக்கு இன்னொரு ஆணி வேண்டும். சுத்தியலைக் காணோம். ராஜம்மா மாமியார் வந்து இரண்டையும் பார்த்துவிட்டு, "அவன்தான் அவனாட்டமே இருக்கறான்" என்றாள். அவர் உள்ளறைக்குப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

குப்பம்மாவுக்குக் கழுதைப் படம் ஒரு பிரிண்டு. மறக்கக்கூடாது.

தை 12, சனி

பனி குறைந்துவிட்டது. பஸ் டிரைவர் கையில் தங்கவேலு ஒரு பெட்டி பிளேட் அனுப்பியிருக்கிறார். மேலே, 'பத்திரம், வெளிச்சத்தில் பிரிக்காதே' என்று எழுதி. எனக்குச் சொல்கிறார்.

பத்து மணிக்கு அந்த மொரப்பூர்க் குடும்பம். சந்தைக்கு வந்தார்களாம். புருஷன் வாசலில் இருந்தபடியே, "ஐயாவுக்குத் தேவலீங்களா?"

"தேவலைங்க. அதோ உக்காந்திருக்காரு."

அவன் உள்ளே எட்டி அவரைக் கும்பிட்டான். பிறகு சுவரைப் பார்த்தான். வாத்திடம் கண் நின்றது. "இது ஐயா எடுத்ததுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இடக்கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

பெண்டாட்டிக்காரி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். "அப்ப உக்காரலாம், வாங்க."

நீலப் புடவை. "இது வெள்ளையா வுழுந்துரும், மாத்திட்டு வாங்க" என்றேன். வேறு எடுத்து வரவில்லையாம். என் அரக்குப் புடவையைக் கொடுத்தேன், உள்ளறையில் போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பாய் விழும், பரவாயில்லை. குழந்தை ஆடிக்கொண்டே இருந்தது. பந்தைக் கையில் எடுத்தேன்.